குளம்புள்ள நாய்

அந்தச் சாலையில் பதினோரு வருடமாக நாய்களைத் தவிர பெரிதாக வேறெதுவும் சாகவில்லை. சாலைப் பராமரிப்பு டிப்போவின் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. ஒன்பதாவது கிலோமீட்டர் கல்லிலிருந்து இருபத்துமூன்றாவது கல் வரை, ஒரு பக்கம் காடும் மறுபக்கம் ஏரியுமாகப் போகிற தார்ச்சாலையில், வண்டியில் அடிபட்டுச் செத்தவை: நாய் அறுநூற்றுப் பன்னிரண்டு, பூனை எண்பத்தெட்டு, மாடு பத்தொன்பது, இதர ஒன்று. காட்டை ஒட்டிய சாலையில் இத்தனை நாய்கள் எங்கிருந்து வந்து மாய்கின்றன என்று ஒரு புண்ணியவானும் கேட்டதில்லை. மாதக் கடைசியில் கூட்டல் சரியாக இருந்தால் டிப்போவில் எல்லாமே சரி.

அந்தப் பதிவேட்டை எழுதுகிறவளைக் கிலோமீட்டர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எதைச் சொன்னாலும் அவள் கிலோமீட்டர் கணக்கில்தான் சொல்வாள். டீக்கடை பன்னிரண்டரையில் இருக்கிறது, பல் டாக்டர் இருபதில் இருக்கிறார். காலை ஐந்தரைக்கு மூன்று சக்கர வண்டியில் மண்வெட்டி, சாக்கு, பிளீச்சிங் பவுடர், முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பினால், ராத்திரி செத்துக் கிடந்ததையெல்லாம் சுரண்டி எடுத்து, டிப்போவுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்து, தலைக்குக் குளித்துவிட்டுப் பதிவேட்டின் முன் உட்காரும்போது பத்தரை ஆகிவிடும்.

அவள் பொய்க்காரி இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பதினான்காவது கல்லில் ஒரு முள்ளம்பன்றி அடிபட்டுக் கிடந்தது. விதிப்படி 'இதர' என்று எழுதினாள். எழுதியதும் மேலும் மேலும் காகிதம் வந்தது. 'இதர' என்றால் மூன்று பிரதியில் தனிப் படிவம் நிரப்ப வேண்டும், மாட்டு டாக்டர் வந்து பார்க்க வேண்டும், காட்டிலாகா ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை பிணத்தை நகர்த்தக் கூடாது. இரண்டரை நாள் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காக்காயை விரட்டினாள், லாரியை ஒதுங்கிப் போகச் சொன்னாள், போகிறவர் வருகிறவரெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைத் திட்டினார்கள். மூன்றாம் நாள் டாக்டர் வந்து எட்ட நின்று பார்த்து, "முள்ளம்பன்றிம்மா" என்றார். அதைத்தானே அவள் முதல் நாளே சொன்னாள்! அடுத்த வாரம், அந்த இரண்டரை நாளும் மற்ற இடங்களில் பிணம் எடுக்காததற்கு விளக்கம் கேட்டு அவளுக்கே மெமோ வந்தது.

"எதுக்கும்மா வம்பு? எல்லாத்தையும் நாய்னு எழுது. நீர்நாய், மரநாய், செந்நாய்... எல்லாம் நாய்தானே" என்றார் டிப்போ சூப்பர்வைசர்.

அன்றிலிருந்து எல்லாம் நாய்.

ஆனால் அந்தப் பதிவேட்டில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. 'குறிப்பு' என்று மேலே போட்டிருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. சூப்பர்வைசர் மாதம் ஒருமுறை கூட்டுத்தொகைக்கு அடியில் கையெழுத்துப் போடுவதோடு சரி. அக்காவுக்கு மனசு கேட்காமல் அந்தக் கட்டத்தில் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதிவந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கையால் தூக்கிப் போட்டதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டாமா என்பாள்.

வீட்டில் சொல்ல வழியில்லை என்பதும் ஒரு காரணம். அவள் புருஷன் அதே சாலையில் பத்தொன்பது வருடமாகப் பஸ் ஓட்டுகிற டிரைவர். கல்யாணமான புதிதில் "சாப்பிடும்போது செத்ததைப் பத்திப் பேசாதே" என்று ஒரு சட்டம் போட்டார். நியாயம்தான். பிறகு அது சாப்பிடுவதற்கு முன்னாலும் என்று ஆனது, பின்னாலும் என்று ஆனது, படுக்கும்போது வேண்டவே வேண்டாம் என்று ஆனது. மிச்சமிருந்த நேரத்தில் இரண்டு பேரும் வேலையில் இருந்தார்கள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை, முதல் டிரிப்பில், பதினேழாவது கல்லுக்குப் பக்கத்துப் பாலத்தில் டிரைவர் பஸ்ஸை வாய்க்காலில் இறக்கிவிட்டார்.

நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை. பதினோரு பேருக்குச் சிராய்ப்பு, கண்டக்டருக்கு முன்பல் ஒன்று போனது, டிரைவருக்கு மணிக்கட்டில் கட்டு. பஸ்ஸின் முகம்தான் அப்பளமாக நொறுங்கிவிட்டது. குறுக்கே ஒரு மிருகம் வந்தது, ஸ்டியரிங்கை ஒடித்தேன் என்று டிரைவர் ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுத்தார். பயணிகள் பாதிப்பேர் தூக்கத்தில் இருந்தார்கள், மீதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் பின்னால் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். மிருகத்தைப் பார்த்த ஒரே ஆள் டிரைவர்.

ஆறாம் நாள் பஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. டிரைவர் நாற்காலியில் கையைத் தொட்டிலாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிதத்தை வாசித்தது டிரைவரின் தங்கை. அக்காவின் நாத்தனார், வாசல் அறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள். அவளுக்கு எதையும் உரக்க வாசித்தால்தான் புரியும்.

"'தாங்கள் குறிப்பிட்டவாறு எந்த விலங்கும் மேற்படி சாலையில் கடந்த பதினோரு ஆண்டுகளில் அடிபட்டதாகச் சாலைப் பராமரிப்பு டிப்போவின் பதிவேட்டில் இல்லை. நாய்கள், பூனைகள், சில மாடுகள், ஒரு முள்ளம்பன்றி மட்டுமே உள்ளன. ஆகவே தாங்கள் பணியின்போது உறங்கிவிட்டு, அதை மறைக்கப் பொய்யுரைத்ததாகக் கருத வேண்டியுள்ளது. வியாழன் காலை பதினொரு மணிக்கு விசாரணை. தக்க ஆதாரம் இல்லையேல் பணிநீக்கம்...' அண்ணே, வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு போட்டிருக்குண்ணே."

"தூங்கினேனா? நானா?" டிரைவர் எழுந்தே விட்டார். "பத்தொன்பது வருஷத்துல ஒரு கொட்டாவி விட்டிருப்பேனா ஸ்டியரிங்குல? எவன்டா அந்தப் பதிவேட்டை எழுதின மடையன்?"

அக்கா அடுப்பில் முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

நாத்தனார் கடிதத்தைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "அண்ணி, அந்த டிப்போவுல பதிவேடு எழுதறது நீங்கதானே?"

முட்டை தீய்ந்துகொண்டிருந்தது. அதைத் திருப்பிப் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"நீயா?" என்றார் டிரைவர்.

"நான்தான்."

"பதினோரு வருஷமா அந்த ரோட்டுல நாய் மட்டும்தான் சாவுதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன எழவுக்கு நாய் நாய்னு எழுதி வச்சிருக்க?"

"எழுதலைன்னா ஒவ்வொண்ணுக்கும் மூணு நாள் பொணத்துக்குப் பக்கத்துல குடை பிடிச்சுக்கிட்டு உக்காரணும். உக்காந்தா வீட்டுல சோறு யாரு பொங்கறது? நீங்க பொங்குவீங்களா?"

"சோறு கெடக்கட்டும்டி! என் வேலைல்ல போவுது!"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும். அந்த ரோட்டுல என்னென்ன இருக்குன்னு ஒருநாள் கேட்டிருப்பீங்களா நீங்க? வாயைத் திறந்தாலே, சோத்துல கை வச்சிருக்கேன், சோத்துல கை வச்சிருக்கேன்!"

"அண்ணி, முட்டை" என்றாள் நாத்தனார்.

"முட்டை நாசமாப் போகட்டும்."

வாணலியை இறக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். சுர்ரென்று புகை கிளம்பியது. ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பியபோது அவளுக்குக் கோபம் தணிந்திருக்கவில்லை. ஆனால் பயம் அதைவிட மேலே வந்திருந்தது. இந்த மனுஷன் தூங்கியிருக்க மாட்டார். அது அவளுக்குத் தெரியும். காது கேட்காது, கண் தப்பாது. அதுதான் அவர்.

அவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. என்ன மிருகம் அது?"

"அதான் எழுதிக் குடுத்தேனே."

"என்னன்னு எழுதினீங்க?"

டிரைவர் கொஞ்சம் நெளிந்தார். "கழுதை மாதிரி ஒண்ணுன்னு."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "கழுதையாண்ணே! இந்தப் பக்கம் கழுதையைப் பார்த்தே எத்தனை காலமாச்சு!"

"கழுதை இல்லடி, கழுதை மாதிரி. சரியா எழுதியிருக்கேன்."

"வால் எப்படி இருந்துச்சு?" என்றாள் அக்கா.

அவளுக்கு எதையும் பின்னாலிருந்துதான் ஆரம்பிக்க வரும். டிப்போக் கொட்டகைச் சுவரில் காட்டிலாகா எப்போதோ ஒட்டிய காட்டு விலங்குகள் படம் ஒன்று இருந்தது. அதில் எல்லாத் தலைகளையும் கரையான் தின்றுவிட்டிருந்தது. பின்பாதியை வைத்துத்தான் அவள் கற்றுக்கொண்டாள். சாலையில் கிடக்கிறவற்றுக்கும் பல நாள் தலை இருக்காது என்பதால் அதுவே தோதாகவும் போயிற்று.

"வாலை எப்படிப் பார்ப்பேன்? எதுக்க நின்னுச்சு. மூஞ்சிதான் தெரிஞ்சுது."

"மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? சரி, காது?"

"பெருசு. ரெண்டு பக்கமும் முறம் மாதிரி."

"கொம்பு?"

"இல்ல. இருந்தா மாடுன்னு எழுதியிருப்பேனே."

"கொம்பு இருந்தா மாடா? நல்ல ஆளு! நிறம்?"

"மண்ணு நிறம். கருப்பும் இல்ல, சிவப்பும் இல்ல. பிடரியில சடையா மயிரு. லைட்டு போட்டேன், நகரலை. முன்னங்காலை எடுத்து ரோட்டுல டொக்குனு ஒரு தட்டு தட்டுச்சு. அப்புறம் ஒரு சத்தம் போட்டுச்சு பாரு. எதுக்க வர்ற லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான்னு நினைச்சுத்தான் நான் இந்தப் பக்கம் ஒடிச்சதே."

"ஹாரனா?"

"ஆமா. எழுதியிருக்கேன் அதையும். மேனேஜர் படிச்சுட்டுச் சிரிச்சானாம், மிருகம் ஹாரன் அடிச்சுதான்னு."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. விடிகாலையில் வண்டி தள்ளிக்கொண்டு போகும்போது காட்டுக்குள்ளிருந்து டோங்க் என்று அந்தச் சத்தம் வரும். முதல் தடவை கேட்டபோது அவளும் ஹாரன் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கி நின்றிருக்கிறாள்.

"வேற என்ன பார்த்தீங்க? நல்லா யோசிங்க."

"கழுத்துல அடிபட்டிருந்துச்சு. கீழ்ப்பக்கம். மயிரு இல்லாம உள்ளங்கை அகலத்துக்குச் செவசெவன்னு புண்ணு. நான் தொடவே இல்ல, முன்னாடியே இருந்துச்சு. அதையும் எழுதியிருக்கேன். இல்லாட்டி நான்தான் இடிச்சேன்னு சொல்லுவானுங்க."

அக்கா எழுந்துவிட்டாள். "அது அடிபட்டதில்ல. அதுக்கு அப்படித்தான் இருக்கும். சில மாசம் அந்த இடத்துல மயிரு உதிர்ந்து புண்ணு மாதிரி ஆகும். அது கடமான். பொட்டைக் கடமான்."

"கடமானா?" என்றார் டிரைவர். "மானுன்னா புள்ளி இருக்கணுமே?"

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பத்தொன்பது வருடம், தினம் நாலு டிரிப், காட்டு ஓரத்துச் சாலை. என்ன சொல்வது இந்த ஆளை!

மறுநாள் காலை டிப்போவில் குளித்துவிட்டு வந்ததும், பழைய பதிவேடுகள் இருக்கிற இரும்புப் பெட்டியைத் திறந்தாள். ஆபீஸ் அலமாரியில் கரையான் என்பதால் எல்லாம் அவளுடைய கொட்டகையில், பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்கு நடுவில்தான் இருந்தன. பதினோரு புத்தகங்களையும் எடுத்து அடுக்கும்போது சூப்பர்வைசர் வந்துவிட்டார். சங்கதி அவர் காதுக்கும் போயிருந்தது. பஸ் கம்பெனிக்குக் கூட்டுத்தொகையை எழுதி அனுப்பியவரே அவர்தான்.

"அம்மா தாயே, அதை உள்ள வை."

"வியாழக்கிழமை கொண்டுபோகணும் சார்."

"கொண்டுபோய்? பதினோரு வருஷமாப் பொய் எழுதினேன்னு நீயே சொல்லப் போறியா? உன் வேலை போயிடும், யோசிச்சியா?"

"அவர் வேலை போவுது சார்."

"ரெண்டு பேர் வேலையும் போனா யாருக்கு லாபம்? ஒரு வேலையாவது மிஞ்சட்டும். அவருக்கு வேற பஸ் கிடைக்கும்."

"தூங்கி பஸ்ஸைக் கவுத்தவர்னு பேர் எடுத்தவருக்கு எந்த முதலாளி பஸ் குடுப்பான்? நீங்க குடுப்பீங்களா?"

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். வழிக்கு வரமாட்டாள் என்று தெரிந்ததும் குரலை மாற்றினார். "இது டிப்போச் சொத்து. எடுத்துட்டுப் போனா திருட்டு. நான் புகார் குடுக்க வேண்டி வரும்."

"குடுங்க சார். குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. உங்க கையெழுத்து இல்லாத மாசம் ஒண்ணு இதுல காட்டுங்க. அந்தப் புத்தகத்தை மட்டும் வச்சுட்டுப் போறேன்."

அவர் மேலாக இருந்த புத்தகத்தைப் பிரித்தார். பிரித்தவர் நின்றுகொண்டே ஒரு பக்கம் படித்தார். பிறகு மூட்டை மேல் உட்கார்ந்து இன்னும் நாலு பக்கம் படித்தார். தன் கையெழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அடப்பாவி மகளே" என்றார் கடைசியில். "சிறகுள்ள நாய்க்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கேனே நான்."

வியாழக்கிழமை பதிவேடுகளோடு அவரும் கிளம்பினார். டிப்போச் சொத்து தனியாக வெளியே போகக் கூடாதாம். பஸ்ஸில் அத்தனை புத்தகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, தூக்குக்குப் போகிறவர் மாதிரி வந்தார்.

விசாரணை பஸ் ஷெட்டின் மாடியில். கீழே எஞ்சின் சத்தம், டீசல் வாசனை, சுவரில் மழை வடிந்த கறை. மேஜைக்கு அந்தப் பக்கம் கம்பெனி மேனேஜரும், தடித்த கண்ணாடி போட்ட விசாரணை அதிகாரியும். இந்தப் பக்கம் டிரைவர், முன்பல் போன கண்டக்டர், அக்கா, சூப்பர்வைசர். மேனேஜருக்கு நேரம் வீணாகிறதே என்ற கடுப்பு. எடுத்த எடுப்பில் டிரைவரைப் பார்த்து, "ஏம்ப்பா, தூங்கிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா ஏதோ பார்த்துச் செய்யலாம். கழுதை ஹாரன் அடிச்சுதுன்னா எப்படி?" என்றார்.

"நான் தூங்கலைங்க" என்றார் டிரைவர்.

அக்கா எழுந்து தான் யார், என்ன வேலை என்று சொன்னாள். பதிவேட்டில் நாய் என்று இருப்பதெல்லாம் நாய் இல்லை என்றாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"பின்ன என்னம்மா?"

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குங்க. அதைப் படிச்சுப் பாருங்க."

அதிகாரி ஒரு புத்தகத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார். முதலில் மனசுக்குள். பிறகு உதடு அசைந்தது. பிறகு சத்தமாகவே வந்துவிட்டது.

"'பதினெட்டு. நாய். மயிர் இல்லை. உடம்பு முழுக்க முள்.' 'இருபது. நாய். செதில் உண்டு, பல் இல்லை. பந்தாகச் சுருண்டபடியே செத்திருக்கிறது. பிரிக்க மனசு வராமல் அப்படியே புதைத்தேன்.' 'பத்து. நாய். கால் விரலுக்கு நடுவில் தோல். வாயில் மீன், மீனுக்கு உயிர் இருந்தது, ஏரியில் விட்டேன்.' 'பதினாறு. நாய். முதுகில் கறுப்புக் கோடு, நீள வால். வயிற்றில் பழக்கொட்டைகள்.' 'பன்னிரண்டு. நாய்.'" அதிகாரி நிறுத்தினார். "'இரண்டு சிறகு உண்டு.'"

கண்டக்டர் பொக்கை வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"அது பழந்தின்னி வவ்வால்ங்க" என்றாள் அக்கா. "லாரி மேல மோதிடுச்சு. குட்டி நெஞ்சைக் கட்டிப் பிடிச்சபடியே இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பக்கத்தைத் திருப்பவில்லை.

"நாலு வருஷத்துக்கு முந்தின புத்தகம், மழை மாசம்" என்றாள் அவள். "பதினேழாவது கல்லு. அதைப் படிங்க."

சூப்பர்வைசரே தேடி எடுத்துக் கொடுத்தார். அதிகாரி படித்தார். "'பதினேழு, பாலத்தடி. நாய். மிகப் பெரிது, தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. மண் நிறம். பிடரியில் சடை. காது முறம் போல. கொம்பு இல்லை, பெண். கழுத்துக்கு அடியில் உள்ளங்கை அளவு மயிரில்லாத புண், அது அடியால் வந்ததில்லை. நாலு காலிலும் குளம்பு உண்டு.'"

அவர் டிரைவரின் வாக்குமூலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விரலை இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் நகர்த்தினார். அதே பாலம், அதே காது, அதே புண்.

மேனேஜர் சும்மா இருப்பாரா? "சார், இதுல என்ன ஆதாரம் இருக்கு? இவங்க புருஷன் பொண்டாட்டி. இந்தம்மா எழுதி வச்சதை வீட்டுல சொல்லிக் குடுத்திருக்காங்க, அவர் அப்படியே ஒப்பிச்சிருக்கார்."

அதிகாரி டிரைவரைப் பார்த்தார். "அப்படியா? உங்க சம்சாரம் இதைப் பத்தி உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா?"

"இல்லைங்க. அவ ஒண்ணும் சொன்னதே இல்லைங்க."

"சொன்னேன்" என்றாள் அக்கா.

சூப்பர்வைசர் அவள் புடவையைப் பிடித்து இழுத்தார். நாலு பேரும் அவளையே பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தையோடு முடித்திருக்கலாம். பதினோரு வருடம் நாய் நாய் என்று எழுதிய கையில் இன்னொரு பொய்க்கு இடமில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அன்னைக்கே சொன்னேங்க. மனசு தாங்கலை எனக்கு. வயித்துல குட்டி இருந்துச்சு அதுக்கு. சாப்பாடு போட்டுட்டு, ஏங்க, இன்னைக்குப் பதினேழுலன்னு ஆரம்பிச்சேன். சோத்துல கை வச்சிருக்கேன், அப்புறம் பேசுன்னாரு. சாப்பிட்டாரு. எந்திரிச்சாரு. கை கழுவினாரு. டிவியைப் போட்டாரு. நான் பின்னாடியே போய்க் காது, கழுத்து, குளம்பு எல்லாம் சொன்னேன். ம் ம்னாரு. ஒண்ணும் காதுல போகலை. நான் சொல்ற எதுவுமே அவர் காதுல போனதில்லைங்க. அதனாலதான் இந்தப் புத்தகத்துல எழுதினேன்."

கீழே யாரோ ஒரு பஸ்ஸைக் கிளப்ப, அது கிளம்பாமல் இருமியது.

"அதுக்கு சாட்சி கேட்டா நான் எங்க போவேன்?" அவள் குரல் உடைந்தது, கோபத்தில்தான். "நீங்களே யோசிங்க. நான் சொல்லிக் குடுத்திருந்தா அவர் கழுதைன்னா எழுதியிருப்பாரு? கடமான்னு எழுதியிருக்க மாட்டாரா?"

அதிகாரி வாக்குமூலத்தைத் தூக்கி மறுபடி பார்த்தார். கழுதை போன்ற ஒன்று. தேதி, அன்றைக்கே. நேரம், காலை ஏழே முக்கால். ஆஸ்பத்திரி முத்திரை.

"அன்னைக்குக் காலையில நான் இருபத்திரண்டாவது கல்லுல இருந்தேங்க" என்றாள் அக்கா. "சேதி தெரிஞ்சு ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஒன்பதரை."

"அக்கா சொல்றது நெசம் சார்" என்றார் கண்டக்டர், பல் இல்லாத ஓட்டை வழியாகக் காற்றடிக்க. "அண்ணன்கிட்ட அக்கா போன்ல பேசும், இவரு காதுல வச்சுக்கிட்டு என்கிட்ட டிக்கெட் கணக்கு கேப்பாரு. நானே எத்தனை தடவை பார்த்திருக்கேன்."

இதைக் கேட்டுவிட்டு மேனேஜரே சிரித்தார். அவருக்கும் வீடு இருக்கும் போல. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. வேலை பிழைத்துவிட்டது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். எதனால் பிழைத்தது என்பதும் புரிந்திருக்க வேண்டும். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பதினேழாவது கல் வந்தபோது அவர் ஜன்னல் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தார். "வயித்துல குட்டி இருந்துச்சா அதுக்கு?" என்றார். நாலு வருடம் கழித்துக் கேட்டால் யார் பதில் சொல்வது?

டிரைவருக்கு எச்சரிக்கையோடு வேலை திரும்பக் கிடைத்தது; ஆனால் மணிக்கட்டுச் சரியாகிற வரை, இரண்டு மாதம், சம்பளம் கிடையாது. அக்காவைத் தவறான பதிவு செய்ததற்காக இரண்டு மாதம் சம்பளமில்லாமல் நிறுத்தி வைத்தார்கள். நாய் என்று எழுதச் சொன்ன சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலிடத்துக் கூட்டத்தில் அவரே பதிவேட்டை வாசித்துக் காட்டிப் பெயர் வாங்கினார் என்று கேள்வி. அந்த இரண்டு மாதமும் நாத்தனாரின் தையல் மெஷின்தான் அரிசி வாங்கியது. "ஊருல உள்ள பொணத்துக்கெல்லாம் நீங்க பாவம் பார்த்தீங்க, எனக்கு யாரு பாவம் பார்க்கறது அண்ணி?" என்று தினம் ஒருமுறையாவது அவள் கேட்டுவிடுவாள்.

அக்கா வேலைக்குத் திரும்பிப் போனபோது புதுப் படிவம் வந்திருந்தது. முப்பத்துநாலு விலங்குகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். குடை பிடிக்க வேண்டாம், போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். அதுவரைக்கும் நல்லதுதான். முதல் நாளே பதினொன்றாவது கல்லில் ஒன்று கிடந்தது. படிவத்தில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் நாய் என்று எழுதி அனுப்பினாள்.

நாலாம் நாள் படிவம் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில், 'விலங்கின் பெயர் சரியாகக் குறிப்பிடப்படவில்லை. குளம்பு, முள், செதில், சிறகு ஆகியவை உண்டா என்பதைத் தெளிவாகத் தெரிவிக்கவும்.'

அன்று சாயங்காலம் அக்கா பாத்திரத்தை எடுத்து வைத்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டு, தனக்கு எதற்கு வம்பு என்று சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அக்கா டிரைவருக்குச் சோறு போட்டு, கீரையை ஊற்றினாள். அவர் பிசைந்து ஒரு வாய் போட்டார். இரண்டாவது வாயை எடுத்தவர் கையை நிறுத்தினார்.

"ஏன் இவ்ளோ கோவம்? என்ன கிடந்துச்சு ரோட்டுல?"

அக்கா கரண்டியோடு நின்றாள். "சாப்பிடுங்க."

"சாப்பிட்டுக்கிட்டுத்தான் கேக்கறேன். சொல்லு."

"நாய்."

அவர் மென்றார், விழுங்கினார், நன்றாக யோசித்தார். "முள்ளு இருந்துச்சா?"

நாத்தனாருக்குப் புரையேறிவிட்டது. அக்கா கரண்டியைச் சட்டிக்குள் போட்ட வேகத்தில் கீரை அவர் சட்டையில் தெறித்தது. "நாய்ங்க! நெசமாவே நாய்! நாலு காலு, ஒரு வாலு, குலைக்கிற நாய்! முப்பத்துநாலு கட்டத்துல நாய்க்குத்தான் கட்டம் இல்ல! இதை எப்படி எழுதித் தொலைக்கறது நான்?"

"சரி, சரி. எங்க? எந்தக் கல்லு?"

"பதினொண்ணு."

"எப்படிப்பட்ட நாயி?"

அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. சட்டையில் வழிந்த கீரையைக்கூடத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள். செம்பழுப்பு, ஒரு காது மடங்கினது, கழுத்தில் யாரோ கட்டின கயிறு, வீட்டு நாயாகத்தான் இருக்கும், யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள் என்றாள். போன மாதம் வேலையில்லாமல் இருந்தபோது இருபதில் பஸ் ஜன்னல் வழியே பார்த்த, யார் எடுத்தார்களோ தெரியாத கீரியைப் பற்றிச் சொன்னாள். அதிலிருந்து நீர்நாய்க்குப் போனாள், அதன் வாயிலிருந்த மீனுக்குப் போனாள், பிறகு பதினேழாவது கல்லுக்கு வந்தாள். அந்தக் குட்டிக்கு அப்போதே குளம்பு முளைத்திருந்தது என்றாள்.

டிரைவரின் தட்டு எப்போதோ காலியாகிவிட்டது. அவர் எழுந்து கை கழுவப் போகவில்லை. விரலில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை காய்ந்து உதிர, கேட்டுக்கொண்டிருந்தார்.